ஸ்டெல்லா தும்மியது அதற்குப் பிறகுதான்

ஸ்டெல்லா தும்மியதால்தான் அந்த சிப் பறந்து தொலைந்தது என்று நான் சொன்னது பொய். என் ட்வீசரிலிருந்து சிப் பறந்தது முதலில். ஸ்டெல்லா தும்மியது அதற்குப் பிறகு. இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருந்திருக்காது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன், பல வருஷம் அங்கேயே குடியும் இருந்தேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி பட்டறை முதலாளி மஞ்சுநாத் கேட்டார். நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பது என்று எழுதினால் உங்களுக்குப் பயன்படும் என்றார். நெருக்கடியில் நான் எடுத்த முடிவுகளில் இது ஒன்றுதான் இன்னும் என்னைத் துரத்துகிறது. அதனால் இதையே எழுதுகிறேன். சால்டரிங் அயர்னை எவ்வளவு சூட்டில் வைப்பது, ஈயம் எவ்வளவு எடுப்பது என்பதையெல்லாம் ஸ்டெல்லா உங்களுக்குச் சொல்லித் தருவார். பாகம் எதுவும் கைதவறிப் போனால் உடனே எழுந்து நின்று, "என் கையிலிருந்து போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்றும் முதல் நாளே மிரட்டி வைத்திருப்பார். அது ஏன் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார். கேட்டால், "செல்வராஜ் சாரைக் கேளுங்க" என்று சிரிப்பார். நீங்கள் கேட்கவே வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த இன்ஜினியர். பெரிய பெரிய மண்வாரி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் மின் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு கேபிளின் முனை என் கட்டைவிரல் பருமன் இருக்கும். அதில் ஈயம் வைப்பதற்கும் கொத்தனார் வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் மஞ்சுநாத் இந்தப் பட்டறையை ஆரம்பித்தார். என்னைப் பொறுப்பாளராகக் கூப்பிட்டார். பெங்களூரு கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன போர்டுகளைக் கையால் சால்டர் செய்து தருகிற வேலை. முதல் நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "காலி டப்பா அனுப்பியிருக்காங்களே" என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா டப்பாவை மெல்லச் சாய்த்துக் காட்டினார். மூலையில் கறுப்புத் தூள் போல ஏதோ கிடந்தது. அது தூள் இல்லை. அத்தனையும் ரெசிஸ்டர்கள்.

ஸ்டெல்லா டிப்ளமோ படித்தவர். தினமும் மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இதே வேலையைச் செய்துவந்தவர். நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருகிற பயணம் சலித்துப்போய்தான் இங்கே சேர்ந்தார். தன் கை நல்ல கை என்று அவருக்குத் தெரியும். அதை எல்லோருக்கும் சொல்லவும் தயங்க மாட்டார்.

"சார், உங்க கை ரோடு போடற கை. ட்வீசரைப் போட்டு அப்டி அழுத்தாதீங்க. கொழந்த கையப் புடிச்சி ரோடு தாண்டற மாதிரி புடிங்க. அழுத்தினீங்கன்னா பறந்துடும்."

"சரிம்மா."

"அப்புறம் அந்த மீசைய போர்டு மேல தொங்க விடாதீங்க. ஷார்ட் ஆயிடப் போவுது."

எனக்கு அப்போது பெரிய மீசை. தொழிற்சாலைக் காலத்திலிருந்தே தேங்காய் எண்ணெய் தடவி முறுக்கி வளர்த்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பாகங்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடான காற்றை ஊதிப் பொருத்தும்போது இரண்டு முனையிலும் ஈயம் ஒரே நேரத்தில் உருக வேண்டும். ஒரு முனை முந்திக்கொண்டால் அது பாகத்தைத் தன் பக்கமாக இழுக்கும், மறுமுனை மேலே தூக்கிக்கொள்ளும், பாகம் செங்குத்தாக நின்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சமாதியில் நட்ட கல் மாதிரியே இருக்கும். அதனால் பட்டறையில் அதற்குக் கல்லறை என்றே பெயர்.

இரண்டாவது ஹாட் ஏர் மெஷின் வந்த அன்று மஞ்சுநாத் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார். அது போதாது என்று ஸ்டெல்லா தன் சபை பாஸ்டரையும் கூட்டிவந்தார். பாஸ்டர் மெஷின்மேல் கை வைத்து, கண்ணை மூடி, உருக்கமாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் ஸ்டெல்லாவின் போர்டைச் சோதித்துக்கொண்டிருந்த பாக்கியநாதனுக்கு அது எதுவும் தெரியாது. பட்டறையைக் கூட்டுவது முதல் போர்டு சோதிப்பது வரை எல்லாம் அவர்தான். கத்தினார்:

"ஸ்டெல்லாக்கா! உங்க லைன்ல மூணு கல்லறை எந்திரிச்சி நிக்கிது!"

பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எந்தக் கல்லறைம்மா?"

"ஒண்ணும் இல்ல பாஸ்டர். நீங்க ஜெபம் பண்ணுங்க. நான் போய் படுக்க வெச்சிட்டு வந்துடறேன்."

பாஸ்டர் அன்று டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். இந்தக் கதையைச் சிரிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரிந்தேதான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

காற்றுக் காலம் அது. உங்களில் உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கச் சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி கிளம்பினால் கே.ஜி.எஃப். முழுக்கத் தும்மும். கோயிலில் தும்முவார்கள், சர்ச்சில் தும்முவார்கள், கல்யாணத்தில் தாலி கட்டுகிறவனே தும்முவான். நாங்கள் ஜன்னலையெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வடிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தோம். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்திருந்தார். காது கேட்கும் கருவிக்கான மாதிரி போர்டு ஒன்றை முடித்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த சிப் ஒன்றே ஒன்று. கால்கள் கிடையாது, கறுப்பாக, எள்ளுக்குத் தம்பி மாதிரி இருக்கும். அந்த ஆள் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பின்னால் மஞ்சுநாத் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேசையில் ஸ்டெல்லா உட்கார்ந்து ஆற அமர போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இன்ஜினியர் யாரு?" என்று கேட்டார் பெங்களூர்க்காரர்.

அந்தக் கேள்வி என் மண்டைக்கு ஏறியது. "நான்தான். எந்திரிம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"இது என் மேசை சார்" என்றார் ஸ்டெல்லா தாழ்ந்த குரலில். "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எந்திரின்னு சொல்றேன்ல?"

எழுந்தார். வேலை தெரிந்தவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும்போது நாற்காலியில் உட்கார ஆசை வரும். வந்தால் போய் டீ குடியுங்கள்.

ட்வீசரை எடுத்தேன். சிப்பைப் பிடித்தேன். ஃப்ளக்ஸ் தடவ வேண்டும் என்று தோன்றியது. அது தேன் மாதிரி ஒட்டும், வைத்த இடத்தில் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். நேரமில்லை என்று விட்டுவிட்டேன். பின்னால் பெங்களூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்து 'ச்ச்' கொட்டினார். என் விரல்கள் இறுகின.

டிக்.

அந்தச் சத்தத்தை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். ட்வீசரின் இரண்டு நுனியும் ஒன்றோடொன்று முட்டும் சத்தம். நடுவில் இருந்தது இப்போது இல்லை என்று அர்த்தம். நான் வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கினேன். அந்த நொடியில்தான், என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, கட்டடமே அதிரும்படி ஒரு தும்மல் போட்டார்.

பாகம் விழுந்தால் யாரும் அசையக் கூடாது என்பது பட்டறை வழக்கம். "நில்லு!" என்று பாக்கியநாதன் கத்தினார். எல்லோரும் அப்படியே சிலையானோம். பெங்களூர்க்காரர் வழக்கம் தெரியாமல் ஒரு அடி எடுத்து வைத்து, திட்டு வாங்கி, ஒற்றைக் காலில் நின்றார்.

"ஏனாய்து? ஏனாய்து?" என்று மஞ்சுநாத் கன்னடத்தில் பதறினார். பிறகு தமிழுக்கு வந்தார். "இன்னா ஆச்சு சார்?"

"ஸ்டெல்லா தும்மிட்டாங்க" என்றேன்.

அதுவரைக்கும் அது உண்மைதான். ஸ்டெல்லா தும்மத்தான் செய்தார்.

"தும்மினதுல பறந்துச்சா?"

"ம்" என்றேன்.

என் வாழ்நாளின் பெரிய பொய் அந்த ஒற்றை 'ம்'தான். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு தும்மல் வந்துவிட்டது. அத்தோடு தீர்ப்பு முடிந்தது. மஞ்சுநாத் என் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் சூடாகி நிமிர்ந்து நின்றுவிட்டார்.

பிறகு தேடல். எல்லோரும் செருப்பைக் கழற்றி அடியில் பார்த்தோம். ஸ்டெல்லா புடவையை மடிப்பு மடிப்பாக உதறினார். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் பாக்கியநாதன் தரையைக் கூட்டி, குப்பை முழுவதையும் ஒரு பேசினில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றிச் சாய்த்துக் கழுவ ஆரம்பித்தார். புழுதி தண்ணீரோடு போகும், கனமானது அடியில் நிற்கும்.

"எங்கப்பா மில்லுல தங்கம் எடுத்தவரு சார். மலையவே அரைச்சி மணி மணியா எடுத்தாங்க. இந்த ரூம்புல ஒரு சிப்பு எடுக்க முடியாதா?"

இந்த ஊரைத் தவிர வேறெங்கும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பட்டறையில் இப்படித் தேடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பேசினின் அடியில் எப்போதோ தொலைந்த ரெசிஸ்டர்கள் நின்றன. ஒரு மூக்குத்திக் கல் நின்றது. ஈயத் துணுக்கு போல ஒன்று நின்றது. பாக்கியநாதன் அதை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது நம்ம பாகம் இல்லியே."

மஞ்சுநாத் நாக்கால் கடைவாயைத் தடவிப் பார்த்தார். "அது என் பல்லு அடைச்சது" என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சிப் மட்டும் இல்லை. பெங்களூர்க்காரர் வெறுங்கையோடு ரயிலுக்கு ஓடினார்.

சாயந்திரம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க மீசைல? ஐயய்யோ, பேனு!"

நான் பதில் சொல்வதற்குள் இரண்டு விரலால் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தில் வைத்து, மறு கட்டைவிரலால் நசுக்கினாள். சத்தம் வரவில்லை. மறுபடி நசுக்கினாள்.

"சாவ மாட்டேங்குதே! கல்லு மாதிரி கீது!"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது பேன் இல்லை. மீசை எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, மதியத்திலிருந்து என் மூக்குக்குக் கீழேயே உட்கார்ந்திருந்த சிப். தரையையெல்லாம் கழுவினோம், என் முகத்தை யாரும் கழுவவில்லை.

அப்போதே எழுந்து மஞ்சுநாத் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஐந்து வார்த்தையில் முடிந்திருக்கும். காலையில் சொல்லலாம் என்று ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். காலையில் போனால் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: தும்மல் உள்ளவர்கள் மைக்ரோஸ்கோப் மேசையில் உட்காரக் கூடாது. ஸ்டெல்லாவைப் பேக்கிங்குக்கு மாற்றியாகிவிட்டது. மஞ்சுநாத் எனக்குக் கை கொடுத்து, "என்ன கோளாறுன்னு நீங்க டக்குனு கண்டுபுடிச்சீங்க சார். வேற யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க" என்றார். அந்தக் கையைக் குலுக்கிய பிறகு எப்படிச் சொல்வது? மாத்திரை டப்பா பையிலேயே இருந்தது.

பொய்யை அப்படியே விட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. ஸ்டெல்லா அதுவரை எங்களை எல்லாம்விடக் குறைவாகத் தும்முகிறவர். பேக்கிங்கில் நாள் முழுக்க அட்டைப்பெட்டித் தூசி. கொஞ்ச நாளில் உண்மையாகவே தும்ம ஆரம்பித்தார். காலையில் வந்து முதல் பெட்டியை விரித்ததும் தொடங்கும். நான் சொன்ன பொய்யை அட்டைப்பெட்டிகள் உண்மையாக்கிக்கொண்டிருந்தன. பேச்சு பட்டறையைத் தாண்டி வெளியே போனது. ஒரு லட்சம் ரூபாய் சிப்பைத் தும்மியே தொலைத்தவர் என்றார்கள். அந்த சிப்பின் விலை அவ்வளவெல்லாம் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் அவர் நடந்து வந்தால் பாயசப் பாத்திரத்தை மூடினார்கள். பஜாரில் பூக்காரர்கூட, "தும்மல் ஸ்டெல்லாவா? வாம்மா, கொஞ்சம் தள்ளி நின்னு வாங்கிக்க" என்றாராம். ஸ்டெல்லாவே இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

உண்மையைச் சொல்லாமலே பரிகாரம் தேடலாம் என்று ஒரு குறுக்கு யோசனை வந்தது. படித்தவனுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனையெல்லாம் வரும். ஃப்ளக்ஸ் தடவி வைத்த பாகம் தும்மலுக்கு அசையாது என்று பரிசோதனை செய்து காட்டிவிட்டால் அறிவிப்பைக் கிழித்துவிடலாமே? மஞ்சுநாத் ஒப்புக்கொண்டார். ஒரு போர்டில் ஃப்ளக்ஸ் தடவி ஒரு ரெசிஸ்டரை வைத்தேன். ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு மேசை முன் நின்றார்.

"தும்மும்மா" என்றேன்.

"நீங்க சொன்னா வந்துடுமா சார்? இது இன்னா சல்யூட்டா?"

வரவில்லை. பாக்கியநாதன் ஓடிப்போய் மூக்குப்பொடி வாங்கிவந்தார். ஸ்டெல்லா இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, தும்மல் வரவில்லை. மிளகைத் தட்டி முகர்ந்தார். இருமல் வந்தது. நூலைத் திரித்து மூக்கில் விட்டுப் பார்த்தார். சிரிப்பு வந்தது.

"தேவையில்லாதப்ப வரும் சார். தேவைன்னா வராது. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

அப்போதுதான், இதையெல்லாம் மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மஞ்சுநாத்தின் மூக்கில் மூக்குப்பொடி ஏறியது. அவர் போட்ட தும்மலில், பக்கத்தில் மூடாமல் வைத்திருந்த ரெசிஸ்டர் தட்டு முழுவதும் காலியானது. "நில்லு!" என்றார் பாக்கியநாதன். சிலையானோம். பேசின் வந்தது. தண்ணீர் வந்தது. ஃப்ளக்ஸில் வைத்த அந்த ஒரு ரெசிஸ்டர் என்ன ஆனது என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மஞ்சுநாத் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா சார், தும்மல் எவ்ளோ டேஞ்சர்னு!" அறிவிப்பின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். அவர் மட்டும் மேசையில் உட்கார்வதற்குத் தடையில்லை.

பிறகு நான் இந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றேன். கண் மங்கிவிட்டது. வழியனுப்பும்போது ஸ்டெல்லாதான் எனக்கு மாலை போட்டார். மாலைப் பூவில் தும்மினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

போன காற்றுக் காலத்தில் பஜாரில் மஞ்சுநாத்தைப் பார்த்தேன். பட்டறை பெரிதாகிறது, புது ஆட்கள் வருகிறார்கள் என்றார். அவர் சொன்ன புது ஆட்கள் நீங்கள்தான். சொல்லித் தர ஆள் தேடுகிறேன் என்றார்.

"ஸ்டெல்லா இருக்காங்களே" என்றேன்.

"இருக்காங்க சார். ஆனா தும்மல் இருக்குதே! பெங்களூருல ஒரு கம்பெனிக்குக் கேட்டுப் போனாங்களாம். பேக்கிங்ல வர்ற சம்பளம் பத்தலியாம். அங்கேர்ந்து எனக்கு போன் பண்ணி விசாரிச்சாங்க. நல்ல வேலைக்காரங்க, ஆனா தும்முவாங்கன்னு சொன்னேன். பொய் சொல்ல முடியுமா?" என்று சிரித்தார். "எடுக்கல போலிருக்கு."

அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டேன். மனைவியும் கூட வந்தாள். அவள்தான் பேன் நசுக்கிய சாட்சி.

ஸ்டெல்லா வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்கம்மா" என்று முறத்தை ஒதுக்கினார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். பறந்தது முதலில், தும்மியது பிறகு, மீசையில் இருந்தது, மாத்திரை டப்பாவில் வைத்தேன், சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

அவர் சிப்பைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"நான் அப்புறம்தான் தும்மினேன்னு எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு நல்லாத் தெரியும். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. மொதல்ல பறந்துச்சா, மொதல்ல தும்மினேனான்னு யோசிச்சி யோசிச்சிப் பாப்பேன். ஒரு நாள் இப்டித் தோணும், ஒரு நாள் அப்டித் தோணும். கடைசில, நான்தான் மொதல்ல தும்மியிருப்பேன், சார் எதுக்குப் பொய் சொல்லப் போறாருன்னு முடிவு பண்ணிட்டேன்."

நான் மேசையைப் பிடுங்கினேன், பேரைக் கெடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவருடைய ஞாபகத்தையே பிடுங்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல மீசைய எடுங்க."

"இன்னாம்மா?"

"மீசைய எடுங்க சார். ஊருல எல்லாரும் எங்க மீசைன்னு கேப்பாங்க. கேக்கற ஒவ்வொருத்தருக்கும் நடந்தத நடந்த மாதிரி சொல்லணும். சுருக்கக் கூடாது. தும்மலு எப்டிப் பரவுச்சோ அதே மாதிரி இதுவும் பரவட்டும்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் கேட்டுப் பாத்துட்டேன். உன்னாலதான்மா நடக்கப் போவுது."

முதலில் கேட்டவர் சவரக்கடைக்காரர். "சார், இதையா எடுக்கணும்? நெசமாவா?" என்று கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொன்னேன். வரிசையில் காத்திருந்தவர்களும் கேட்டார்கள். பிறகு பால்காரர், பூக்காரர், தொழிற்சாலைப் பழைய நண்பர்கள். பங்காருபேட்டை ரயிலில் ஒருவர் முதலில் என்னை அடையாளம் தெரியாமல் என் தம்பியா என்று என்னிடமே விசாரித்தார். அவருக்கும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாஸ்டர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லறை விஷயம் என்ன ஆச்சு?" என்றார். ஒரு பெரியவருக்குக் காது கேட்கவில்லை. பஜார் நடுவில் நின்று மூன்று தடவை கத்திச் சொன்னேன். "ஸ்டெல்லா அப்புறம்தான் தும்மினாங்க! சிப்பு மீசைல இருந்துச்சி!" என்று இந்த வயதில் ஒருவன் தெருவில் கத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் நாலாவது ஆளிடமே சொல்லுவது சுலபமாகிவிட்டது. முதல் ஆளிடம் சொல்வதற்குத்தான் எனக்கு அத்தனை வருஷம் பிடித்தது.

பட்டறையில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். மஞ்சுநாத் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. பெங்களூர் கம்பெனிக்கு போன் செய்கிறேன் என்று எழுந்தார்.

"வேணாம் சார்" என்றார் ஸ்டெல்லா. "அங்க வேற ஆள் போட்டுட்டாங்க. என் மேசையக் குடுங்க, போதும்."

மஞ்சுநாத் நெளிந்தார். "குடுக்கலாம்மா. ஆனா இப்ப நெசமாவே தும்மறீங்களே?"

"பேக்கிங்கத்தான் கேக்கணும். சரி, மறுபடி டெஸ்ட் வைங்க. அந்த சிப்பையே வைங்க. சார் வெப்பாரு."

என்னை மேசையில் உட்காரவைத்தார்கள். அன்று நானே பிடுங்கி உட்கார்ந்த அதே நாற்காலி. பழைய போர்டு ஒன்றை ஸ்டெல்லா எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். இந்த முறை தாராளமாக ஃப்ளக்ஸ் தடவினேன். ட்வீசரைப் பிடித்தேன். விரல்கள் மறுபடி இறுகின. "கொழந்த கையி சார், கொழந்த கையி" என்றார் பின்னாலிருந்து. டப்பாவிலிருந்து சிப்பை எடுத்து, மூச்சை மெல்ல விட்டு, வைத்தேன். அயர்ன் இன்னும் தொடவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டெல்லா குனிந்து பார்த்தார். அவர் புடவையெல்லாம் காலையிலிருந்து விரித்த அட்டைப்பெட்டிகளின் தூசி. மூக்குப்பொடி இல்லை, மிளகு இல்லை, நூல் இல்லை. போர்டுக்கு ஒரு சாண் உயரத்தில், தானாக, மாடியே அதிர, அது வந்தது.

"நில்லு!" என்றார் பாக்கியநாதன். அத்தனை பேரும் சிலையானோம். ஒருவர் ஏற்கெனவே செருப்பில் ஒன்றைக் கையில் எடுத்திருந்தார். என் கை பழக்கத்தில் மேலுதட்டுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது.

அந்த அறிவிப்பு எங்கே போனது என்று நீங்கள் தேட வேண்டாம். அதைக் கிழித்தவர் மஞ்சுநாத்தான். மன்னித்தேன் என்று ஸ்டெல்லா இதுவரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. மீசை வளர்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பேர் கேக்க பாக்கி கீறாங்க சார்" என்றார்.

ஆனால் அன்று நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் மட்டும்தான் அசைந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்து, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, தன் மேசையில் தானே உட்கார்ந்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"ஆடல சார். வெச்ச எடத்துலயே கீது" என்றார். கண்ணை எடுக்காமலே இன்னொன்றும் சொன்னார்: "மீசை இருந்திருந்தா சொல்ல முடியாது."